ஐப்பசியில் திரும்பும் காற்று

எங்கள் வீட்டின் முன்னறைதான் ஊருக்குத் தபால் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, ஜன்னலோரம் ஒரு தராசு, வாசலில் சிவப்புப் பலகை. கிளை அஞ்சலகத்தை நடத்துகிறவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், ஆபீசுக்கு இடமும் அவரே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மூன்றாம் வருடம் எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, வீட்டை விட்டு இறங்காமல் சர்க்கார் வேலை என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபது வருடம் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டை விட்டு இறங்க முடியாத வேலை இது என்று எனக்கு உறைத்தது கரிக்குழி வந்த பிறகுதான்.

ஊர் வெள்ளகோவிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த மேட்டுக்காடு. எங்களுக்கு முருங்கையும் கொஞ்சம் தென்னையும். மாமனார் இறந்த பிறகு வீட்டுக்காரரும் அவர் தம்பியும் காட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீடும் மேற்குப் பாதியும் எங்களுக்கு வந்தன. கிழக்குப் பாதி கொழுந்தனாருக்கு. அவர் டவுனில் வீடு கட்டிக் குடும்பத்தோடு போய்விட்டார். கிணற்றை மட்டும் யாராலும் பிரிக்க முடியாது. அது அவர் பாகத்தில் இருந்தது, மோட்டாருக்கான கரண்ட் இணைப்பும் அவர் பேரில். ஒரு நாள் எங்களுக்கு, ஒரு நாள் அவருக்கு என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். அந்த முறையில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

கொழுந்தனார் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் தேவைப்பட்டது. அன்று ஆள் தேடிக் காங்கேயத்துக்கும் ஈரோட்டுக்கும் அலைந்தது அவர்தான். அவருக்குக் கை வைத்த தொழில் எதுவும் நிலைக்கவில்லை. ஷெட் போட்டுத் தறி ஓட்டினார், அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டி வந்தது. மழை பொய்த்த வருடங்களில் அவர் பாகத்துத் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தன. மரம் போன இடத்தில் ஒரு தை மாதம் குழி வெட்டினார்.

தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கும் குழி. கிணறு மாதிரி வட்டமாகத் தோண்டி, உள்ளே செங்கல் வைத்துக் கட்டியிருப்பார்கள். அடியில் கொஞ்சம் தொட்டியைப் போட்டுத் தீ வைத்து, அது எரிய எரிய மேலே கொட்டிக்கொண்டே வருவார்கள். நிறைந்ததும் தகரத்தால் மூடி, ஓரத்தில் மண்ணைப் பூசிவிடுவார்கள். உள்ளே காற்றில்லாமல் வெந்து கரியாகும். மூடுவதற்கு முன்னால் சில மணி நேரம் வரும் புகைதான் புகை. விறகுப் புகை போல மேலே போகாது. வெள்ளையும் மஞ்சளுமாகத் தடித்து, தரையோடு தரையாக ஊர்ந்து வரும். முதலில் இரண்டு குழி. அடுத்த வருடம் ஆறு. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் முதல் குழிக்கும் நடுவே இரண்டு வரிசை முருங்கை மரங்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் காற்று வருடத்தில் இரண்டு முறை திரும்பும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். ஆடியில் ஆளையே தள்ளும். ஐப்பசியில் அது ஓய்ந்து, கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வர ஆரம்பிக்கும். மேல்காற்று அடிக்கும் வரை புகை எங்களைத் தொடாமல் கிழக்கு வளவுக்குப் போகும். வளவு என்றால் நாற்பது ஐம்பது வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெரு. பெரும்பாலும் தறிக்குப் போகிறவர்கள். ஐப்பசி பிறந்தால் புகை எங்களிடம் வரும். முதல் வருடம் ஆடியில் கிழக்கு வளவுக்காரர்கள் கண் எரிகிறது என்று என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னபோது, பாவம் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. புகை எங்கள் வீட்டுக்கு வராமலிருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததையும் இங்கே மறைக்கக் கூடாது.

ஐப்பசியில் எனக்கு இருமல் பிடித்தது. பனிக்கு என்று நினைத்துச் சுக்கு, மிளகு, துளசி எல்லாம் வைத்துப் பார்த்தேன். கார்த்திகையில் நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம் சேர்ந்துகொண்டது. ரவிக்கையை இரண்டு அளவு சிறியதாகத் தைத்துப் போட்டுக்கொண்டது போல இருக்கும். மூச்சை உள்ளே இழுப்பது எளிதாக இருந்தது, வெளியே விடுவதுதான் பாடாகிவிட்டது. காலையில் எழுந்து எல்லா ஜன்னலையும் சாத்துவேன். ஆபீஸ் நேரத்தில் முன்கதவைச் சாத்த முடியாது. சாத்தினால் தபால் ஆபீஸ் திறக்கவில்லை என்று புகார் போகும். அதனால் கதவு திறந்திருக்கும், புகை தன் பாட்டுக்கு வந்து மேசைக்கு எதிரே உட்காரும். மதியம் துடைத்த தராசில் சாயங்காலம் விரலை வைத்தால் பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டும். துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே காயப் போட்டோம். முருங்கைப் பூ உதிர்ந்தது. வீட்டுக்காரர் அதைப் பனி என்றார்.

கொழுந்தனாரிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை, கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சிரித்தார். இரண்டாவது முறை நான் பேசி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. சிம்னி வைத்துப் புகையை மேலே ஏற்றிவிடுவதாகவும், அடுத்த மாதமே ஆள் வரப்போவதாகவும் சொன்னார். பேசும்போது அவருக்குக் கண் இரண்டும் ரத்தமாக இருந்தது. நாள் முழுக்கக் குழி ஓரத்தில் நிற்கிறவர் அவர்தானே. என்னைவிட அவர்தான் அதிகம் இருமினார். கேட்டால் தூசி என்பார். சிம்னி வரவில்லை.

இரண்டாம் வருடம் மார்கழியில், கோவையில் வேலை பார்க்கும் மகள் என்னைப் பிடிவாதமாக அழைத்துப் போனாள். விடுப்புப் போட்டு, எனக்குப் பதிலாக உட்கார ஆள் ஏற்பாடு செய்து பத்து நாள் அவளுடன் இருந்தேன். அவள் குடியிருந்தது பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில். பஸ்ஸும் லாரியும் ஓயாது. அங்கே இருப்பதையும் நல்ல காற்று என்று சொல்ல முடியாது. ஆனாலும் நான்காம் நாளே மூன்று மாடி ஏறியும் எனக்கு நெஞ்சு இறுகவில்லை. அப்போதுதான் இது பனியில்லை என்பது எனக்கே முழுதாகத் தெரிந்தது.

டாக்டரைப் பார்க்கும் நாளில் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயை வைத்து ஊதச் சொன்னார்கள். சோதனை எடுத்த பெண் பக்கத்தில் நின்று ஊதுங்க, ஊதுங்க, இன்னும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குள் இருந்த காற்று வெளியே வரமாட்டேன் என்றது. மூன்று முறை ஊதியும் கணினியில் கோடு பாதியிலேயே படுத்துவிட்டது. டாக்டர் வயதானவர், நம் பக்கத்துப் பேச்சுக்காரர். காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஊட்ல வெறகடுப்புங்களா அம்மணி?"

"கேஸுங்க."

"ஆராச்சும் பீடி, சிகரெட்டு?"

"இல்லீங்க."

"பக்கத்துல சூளை, கரி சுடறது, அந்த மாதிரி ஏதாச்சும்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்: "இல்லீங்க டாக்டர். சுத்தியும் காடுதானுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அவர் தூசி ஒவ்வாமை என்பது போல ஏதோ எழுதி, மருந்தை உறிஞ்சும் குழல் ஒன்றைக் கொடுத்து, காலையும் மாலையும் எடுக்கச் சொன்னார். ஊருக்குத் திரும்பும் பஸ் பல்லடம் தாண்டியது. பிறகு வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிச் சீட்டில் பக்கத்தில் கரிக்குழி என்று எழுதிவிட்டால் அது நாளைக்குத் தம்பிக்குத்தான் வம்பாக முடியும் என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சுவது போலச் சொன்னார். அவருக்கும் போக்கிடம் இல்லை என்று தெரிந்தது. அதில் எனக்கு இன்னும் மூச்சு முட்டியது.

மருந்துக்கடையில் மாஸ்க் ஒன்றும் வாங்கியிருந்தோம். சாதாரணத் துணி இல்லை, நடுவில் கறுப்பாக ஒரு அடுக்கு இருக்கும். அது என்ன என்று கேட்டதற்குக் கடைக்காரர், தேங்காய்த் தொட்டிக் கரிங்க, கெட்ட காத்தை அதுதான் பிடிச்சு வெக்கும் என்றார். கொழுந்தனாரின் கரி லாரியில் ஏறி எங்கே போகிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. அந்த மாஸ்கை மாட்டிக்கொண்டு என் மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்தினேன். கொரோனாக் காலம் முடிஞ்சு போச்சுங்களே என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

இடமாற்றத்துக்கும் எழுதிப் பார்த்தேன். காலியிடம் இருந்த ஊர்களில் வீடு எடுத்துக் குடிபோக வேண்டும். வீட்டுக்காரர் முருங்கையை விட்டு வரமாட்டார். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு அவள் கையை எதிர்பார்த்து உட்கார எனக்கு மனம் வரவில்லை. மாசி முடிந்து காற்று திரும்புவதற்காகக் காத்திருந்தேன். வைகாசியில் அது திரும்பியது. என் இருமல் குறைந்தது. கிழக்கு வளவில் ஆரம்பித்தது.

அந்த ஆடியில் ஒருநாள், கிழக்கு வளவிலிருந்து ஒரு பெண் கையில் கனமான உறையோடு வந்தாள். தறிக்குப் போகிறவள், முப்பது வயதுக்குள் இருக்கும். அவளுடைய நான்கு வயதுப் பையனுக்கு மூச்சிளைப்பு வந்து மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும். உறையைத் தராசில் வைத்தாள். மாவட்ட அதிகாரிக்கு என்று முகவரி எழுதியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"இதொண்ணு ரிஜிஸ்தர் பண்ணோணுமுங்க்கா. டவுன்ல போய்ப் போடலாமுன்னு சொன்னாங்க. எனக்கு அரை நாள் வேலை போயிருமுங்க. அதான் இங்கயே கொண்டாந்தேன்."

நான் முகவரியைக் கருவியில் ஏற்ற ஆரம்பித்தேன். மனுவில் என் கையெழுத்தையும் கேட்கலாமென்று பேசிக்கொண்டதாகவும், என்னைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டதாகவும் அவள் சொன்னாள். முத்திரையை எடுக்கும்போது எனக்கு இருமல் வந்தது. அது முடியும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு, "இது போயிருமுங்களா அக்கா?" என்று கேட்டாள்.

உறையை நான் நிறுத்திவைத்துவிடுவேனா என்றுதான் கேட்கிறாள் என்று புரிந்தது. "போயிரும்," என்றேன். ரசீதைக் கொடுத்தேன். சாயங்காலப் பையில் அந்த உறை போயிற்று. தபாலில் வருவதையும் போவதையும் வெளியே சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் தம்பியிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் ஒருத்தியே சுமப்பது போதும் என்று இருந்துவிட்டேன்.

புரட்டாசியில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். அந்த வாரம் நான்கு நாளாக விடாத மழை. தொட்டி ஏற்றிவரும் லாரிகள் மண் பாதையில் இறங்க முடியாமல் நின்றுவிட்டன. ஆறு குழியும் ஆறிக் கிடந்தன. அதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூடியாகத் திறக்கச் சொல்லிப் பார்த்து, குறித்துக்கொண்டு போனார். புகை என்று காட்ட அன்றைக்கு ஊரில் எதுவும் இல்லை. மழையில் கழுவிவிட்ட காற்று, மண் வாசம் மட்டும்தான்.

மறுநாளிலிருந்து கிழக்கு வளவுக்காரர்கள் என் ஆபீசுக்கு வருவதை நிறுத்தினார்கள். முதியோர் பணத்துக்கு வருகிற பெரியவர்கள்கூடத் தள்ளியுள்ள ஊருக்குப் பஸ் ஏறிப் போனார்கள். அதிகாரி வருவதற்கு முன்பே குழியை நிறுத்திவைக்கச் சொல்லித் தகவல் கொடுத்தது நான்தான் என்று பேச்சு. அதே வாரம் கொழுந்தனார் வந்தார். உள்ளே வரவில்லை. தபால் வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றார்.

"இந்த ஊட்லயிருந்துதான் அண்ணி மனு போயிருக்குது. நீங்களே சீல் குத்தி அனுப்பியிருக்கறீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

"தபால்ல போறதச் சொல்லக் கூடாதுங்க தம்பி."

"நான் வெளியாளுங்களா?"

கேட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார். வீட்டுக்காரர் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்கும் நான் துரோகி, இந்தப் பக்கத்துக்கும் நான் துரோகி. மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். ரோட்டில் போகிறவர்கள் என் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அப்போது ஐப்பசியும் வந்தது.

அந்த வருடம் பனி அதிகம். விடிந்து எட்டு மணியானாலும் பனி மேலே ஏறாது, அதற்குள் புகை சிக்கிக்கொண்டு நிற்கும். எதிரிலிருக்கும் மின்கம்பம்கூடத் தெரியாது. மார்கழியில் ஒரு முற்பகல், வீட்டுக்காரர் காங்கேயம் போயிருந்தார். நான் தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. நின்றது என்றுதான் தோன்றியது. உள்ளே போன காற்று அங்கேயே கெட்டித்துவிட்டது. குழல் மருந்தை எடுத்து இழுத்தேன், அது தொண்டையைத் தாண்டவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். யாரையும் கூப்பிடக் குரல் இல்லை. கூப்பிட்டாலும் வர ஆள் இல்லை.

வாசலில் வண்டி நின்றது. அந்தக் கிழக்கு வளவுப் பெண். அவளுக்கு வந்த ஒரு பார்சலை நேரில்தான் வாங்க வேண்டும் என்பதால் வேறு வழியில்லாமல் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. என் கையைத் தன் தோளில் போட்டு இழுத்துக்கொண்டுபோய் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்தாள். தன் துப்பட்டாவால் என்னைத் தன்னோடு சேர்த்துக் கட்டினாள். டவுனுக்குப் போகும் பாதை கரிக்குழியை ஒட்டித்தான் போகிறது. புகைக்குள் கொழுந்தனார் கையில் நீளக் கம்போடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்துக் கம்பைக் கீழே போட்டார். அவர் ஏதோ சொன்னது போல இருந்தது, வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி ஒன்றை மாட்டி மருந்தை ஆவியாக விட்டார்கள். அரை மணி நேரம் கழித்துப் பேச முடிந்தது. மூடியை விலக்கிக்கொண்டு முதலில் சொன்னது அதைத்தான்: "நான் ஆருகிட்டயும் சொல்லல கண்ணு."

"தெரியுமுங்க்கா," என்றாள். "மழைக்கு லாரி வரலைன்னு அடுத்த வாரமே தெரிஞ்சுபோச்சுங்க."

"அப்பறம் ஏன் ஒருத்தரும் வரல?"

அவள் மூடியை எடுத்து மறுபடியும் என் முகத்தில் சரியாக வைத்தாள். "பேசிப்போட்டு அப்பறம் எந்த மொகத்தோட வர்றதுங்க்கா?" என்றாள்.

பொங்கல் முடிந்ததும் நான் மட்டும் பஸ் ஏறிக் கோவைக்குப் போனேன். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம், போன வருடம் நீங்கள் கேட்டதற்குப் பொய்யான பதில் சொன்னோம், வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு கரிக்குழிகள் இருக்கின்றன, நடத்துகிறவர் என் கொழுந்தனார் என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, எந்த மாதத்தில் ஆரம்பிக்கிறது, எந்த மாதத்தில் குறைகிறது, எத்தனை மணிக்குக் குழியை மூடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணுக்குத் தெரியும் புகை மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், அதோடு சேர்ந்து வரும் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் கடைசிக் கிளை வரை போய் உட்காரும், அங்கிருந்து ரத்தத்தில் இறங்கி இதயத்தையும் தொடும் என்று சொன்னார். மறுபடி ஊதச் சொன்னார். கோடு போன வருடத்தைவிடத் தாழ்ந்திருந்தது. மருந்து எவ்வளவு கொடுத்தாலும் அந்தக் காற்றில் இருக்கும்வரை தன்னால் பாதி வேலைதான் செய்ய முடியும் என்றார். எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசினேன். கிழக்கு வளவுக்காரர்கள் இரண்டாவது மனு எழுதுகிறார்கள், அதில் நானும் கையெழுத்துப் போடப் போகிறேன், டாக்டர் எழுதியதை நகலெடுத்து வைக்கப் போகிறேன் என்றேன். அவர் வெகுநேரம் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"கெணறு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலீங்க," என்றேன்.

"அவன் தண்ணியை நிறுத்திப்போட்டான்னா இந்த வருசம் முருங்கை போயிரும்."

"போயிருமுங்க."

அவர் கயிற்றை வைத்துவிட்டு எழுந்து காட்டுக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த உறையை நானே எடை போட்டேன், நானே முத்திரை குத்தினேன். இந்த முறை அனுப்புகிறவர்களில் என் பேரும் இருந்தது.

விசாரணை பங்குனியில், பஞ்சாயத்துக் கட்டடத்தில் நடந்தது. கிழக்கு வளவிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். கொழுந்தனார் ஒரு ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் வந்தார், ஆனால் உள்ளே வராமல் வாசல் வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்துகொண்டார். குழிக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் வீடு யாருடையது என்று அதிகாரி கேட்டார்.

"எங்க ஊடுங்க," என்று எழுந்தேன்.

சீட்டை வாங்கிப் படித்தார். "குழி வெச்சிருக்கறவர் உங்களுக்கு உறவுங்களா?"

"கொழுந்தனாருங்க. என் வீட்டுக்காரருக்குக் கூடப்பொறந்தவரு."

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். இவரையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது கரிசனமாகக் கேட்டிருக்குமா, குத்தலாகக் கேட்டிருக்குமா என்று இப்போதும் தெரியவில்லை.

சித்திரையில் குழிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வீடுகளுக்குப் பக்கத்தில் இனி இந்தத் தொழில் கூடாது என்று இருந்தது. கொழுந்தனார் ஆளை வைத்து மண்ணைத் தள்ளி ஆறையும் மூடினார். கிணற்றுத் தண்ணீரை அவர் நிறுத்தவில்லை. அதற்காகத்தான் நான் பயந்திருந்தேன். எங்கள் முறை நாளில் மோட்டார் எப்போதும் போல ஓடியது. ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. அவர் மகள் வயசுக்கு வந்த சீருக்கு அழைப்பிதழ் தபாலில் வந்தது. என் மேசைக்கே வந்து, நானே பிரித்து, நானே வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். போனோம். சாப்பிட உட்காரவைத்தார்கள், பரிமாறினார்கள். கொழுந்தனார் அண்ணனிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். என் இலைப் பக்கம் வரவில்லை.

என் மூச்சு ஓரளவு தேறியது. அடுத்த முறை ஊதியபோது கோடு கொஞ்சம் ஏறியிருந்தது. போனதில் ஒரு பங்கு திரும்பாது, குழல் மருந்து கடைசிவரைக்கும் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கிழக்கு வளவுப் பையன் பள்ளிக்கூடம் போகிறான். இளைப்பு வருகிறது, முன்போல அடிக்கடி இல்லை. ஐப்பசியில் காற்று திரும்பும்போது மட்டும் எனக்கு இன்னும் எழுந்ததும் ஜன்னலைச் சாத்தத் தோன்றும்.

கொழுந்தனார் தொழிலை விடவில்லை. விட்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது? தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, வீடுகள் குறைவாக இருக்கும் இடம் என்று ஒரு காட்டைக் குத்தகைக்குப் பிடித்து அங்கே வெட்டிவிட்டார். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. முதல் வருட ஆடியில் இருந்த அதே நிம்மதி என்று கொஞ்சம் கழித்துத்தான் பிடிபட்டது.

போன மாதம் டவுன் தபால் ஆபீசில் கிளை அஞ்சலகக்காரர்களுக்குக் கூட்டம். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அந்தத் தெற்குப் பக்கத்து ஊரின் கிளையை நடத்துகிறவள். வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, வயது இருபத்தைந்து இருக்கலாம். கூட்டம் முழுக்க வாயில் கைக்குட்டையை வைத்து இருமிக்கொண்டிருந்தாள். அவள் சேலையிலிருந்து வந்த வாசனையை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. டீ குடிக்கும்போது, எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமாச்சுங்க்கா. பனி ஒத்துக்கல போல."

பேசாமல் இருந்திருக்கலாம். நான் அவளை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப் போய், அது பனி இல்லை என்றேன். ஊதிப் பார்க்கும் சோதனையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றேன். மனு யாருக்கு எழுத வேண்டும், எதை நகலெடுத்து வைக்க வேண்டும் என்பதைச் சொன்னேன். கடைசியாக, அந்தக் குழி வைத்திருப்பவர் என் கொழுந்தனார் என்பதையும் சொன்னேன்.

அவள் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை இறக்கினாள்.

"குத்தகைக்கு உட்ட காடு எங்க மாமனாருதுங்க்கா," என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கிளாஸை வைத்துவிட்டு இருவரும் போய் எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம்.